கோல் குறைந்தால் குழி கூடும்

தஞ்சை மாவட்டத்து உழவர்கள் நஞ்சை நிலத்தைக் குழி, மா, வேலி என்று கணக்கிடுவர். பன்னிரண்டு அடிக் கோலின் நீளத்தைப் பக்கமாகக் கொண்ட சதுரம் ஒரு குழி. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி.

கி.பி. 1000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் முதலாம் இராசராசன் சோழநாட்டு நிலங்களை அளக்கச் செய்தான். ஒரு வேலியை 5,242 கோடியே 88 லட்சம் பங்காக்கி, அதில் ஒரு பங்கு வரை அன்று கணக்கு எழுதினர். இன்றைய வேலியில் அப்பங்கு ஒரு சதுர மில்லிமீட்டரினும் சிறியது! அது ஏட்டுக் கணக்கின் நுட்பம். வயலில் கோலால் அளக்கக் கூடியதன்று.

வயலில் நிகழ்வது என்ன? பன்னிரண்டு அடி என்பது பதினாறு சாண், அதாவது 192 விரல். முனை தேய்ந்து கோல் ஒரு விரல் குறைந்ததாகக் கொள்வோம். நீளம், அகலம் இரண்டிலும் பிழை சேரும். ஒரு வேலி நிலம் ஏறக்குறைய 20 குழி கூடுதலாகக் கணக்கில் ஏறும். இல்லாத நிலத்துக்கும் குடியானவர் வரி நெல் அளக்க நேரும். அதே கோலால் பத்து முறை அளந்தாலும் இப்பிழை நீங்காது.

தேயாத ஒன்றோடு கோலை ஒப்பிடுவதே இதற்கு வழி. தமிழகக் கோயில்கள் பலவற்றின் கற்சுவர்களில் கோலின் நீளம் வெட்டப்பட்டிருப்பதைக் காணலாம்.

1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் தம் கருவியை ஏற்ற முயன்ற வில்லியம் லாம்ப்டனும் இவ்வழியையே கையாண்டார். 1802-இல் சென்னையருகே அடிக்கோடு அளந்தபோது 100 அடி எஃகுச் சங்கிலியை மரத் தொட்டிகளில் கிடத்தி, நிழலிட்டு, வெப்பமானியும் வைத்தார். ஒப்பிடுவதற்கென்றே மற்றொரு சங்கிலியைத் தனியே காத்துவந்தார்.

இன்று கட்டட வேலையில் எஃகு நாடா வந்துவிட்டது. பிழையின் இயல்பு மாறவில்லை. 20 பாகை செல்சியசில் சரியாக இருக்கும் 30 மீட்டர் நாடா, 35 பாகையில் சுமார் 5 மில்லிமீட்டர் நீளும். அளவு குறைவாகத் தெரியும். நடுவில் தொய்ந்தாலோ அளவு கூடுதலாகத் தெரியும். முனைக் கொக்கி தேய்ந்திருந்தால் 10 சென்டிமீட்டர் குறியிலிருந்து தொடங்கிப் பிறகு அதைக் கழித்துக்கொள்ளலாம். கொத்தனார் நாடாவும் தச்சர் நாடாவும் ஒத்துள்ளனவா என்று வேலை தொடங்குமுன் பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்துவிட வேண்டும். சுவர் எழும்பிய பின் நிலை பொருந்தாமற் போனால் இடிப்பதைத் தவிர வேறு வழியில்லை.