கிழட்டு மிருகங்களுக்கு ஒரு வக்பு



வேலை செய்ய ஏலாமல் போன மாட்டுக்கு யார் தீனி போடுவது? உழவு மாடும் வண்டில் மாடும் இருந்த காலத்தில் எமது ஊர்களில் எத்தனையோ வீடுகளில் இந்தக் கேள்வி எழுந்திருக்கும். பால் வற்றிய பசுவை வைத்திருப்பவர்களுக்கு இன்றும் இது இருக்கிறது. பழைய டமஸ்கஸ் நகரத்து முஸ்லிம்கள் இதற்கு ஒரு பதில் கண்டிருந்தார்கள்.

அந்நகரில் "அல்-மர்ஜ் அல்-அக்ழர்" என்றொரு இடம் இருந்தது. பச்சைப் புல்வெளி என்று பொருள். வயதாகி இயலாமல் போன, இனிப் பயனில்லை என்று உரிமையாளர்கள் தீனி போட மறுத்த குதிரைகளுக்கும் ஏனைய மிருகங்களுக்கும் அது வக்பு செய்யப்பட்டிருந்தது. அவை மௌத்தாகும் வரை அங்கேயே மேயலாம். சிரிய அறிஞர் முஸ்தபா அஸ்ஸிபாஈ (1915 - 1964) இதைப் பதிவு செய்திருக்கிறார். நோயுற்ற மிருகங்களுக்கு வைத்தியம் பார்க்கவும் தனி வக்புகள் இருந்ததாக எழுதுகிறார்.

இப்படியொரு இடம் ஏன் தேவைப்பட்டது? ஆடு மாடு என்றால் வயது போனாலும் அறுத்து உண்ணலாம். கழுதையும் கோவேறு கழுதையும் அப்படியல்ல, அவற்றின் இறைச்சி ஹராம். உண்ணக்கூடாத மிருகத்தை, கஷ்டம் தீரட்டும் என்று அறுத்து விடுவதற்கும் எமது ஷாபிஈ மத்ஹபில் அனுமதியில்லை. அப்படியானால் ஆயுள் முழுக்கப் பொதி சுமந்த கழுதைக்குக் கடைசிக் காலத்தில் யாராவது தீனி போட்டுத்தான் ஆக வேண்டும்.

அதே டமஸ்கஸில் வாழ்ந்தவர்தான் ஷாபிஈ மத்ஹபின் பெரும் இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்). உமையா பள்ளிவாசலின் கதீப். ஆட்சியாளரைத் தட்டிக் கேட்டதற்காகச் சிறை சென்றவர். பின்னர் எகிப்துக்குப் போய் 1262 இல் கெய்ரோவில் வபாத்தானார். "கவாஇதுல் அஹ்காம்" என்ற தன் நூலில், மனிதன் மீது மிருகங்களுக்குள்ள உரிமைகளை வரிசையாகச் சொல்கிறார். முதுமையாலோ நோயாலோ எந்தப் பயனும் தராத நிலைக்கு வந்தாலும் அதற்குச் செலவு செய்வது கடமை. சக்திக்கு மேல் சுமத்தக்கூடாது. படுக்கும் இடத்தையும் நீரருந்தும் இடத்தையும் நன்றாக வைத்திருக்க வேண்டும். குட்டிகளைத் தாயின் கண் முன்னே அறுக்கக்கூடாது.

கவனியுங்கள், அவர் பாவிக்கும் சொல் "உரிமை". நாங்கள் விரும்பினால் காட்டும் இரக்கமாக அவர் அதைப் பார்க்கவில்லை. பட்டினி போட்டு வேலை வாங்கப்பட்ட ஒட்டகத்தின் கண்ணீரைக் கண்டு, அதன் சொந்தக்காரரை அழைத்து நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த ஹதீஸ் அபூதாவூதில் இருக்கிறது. அந்தப் பாதையில் வந்த சட்டம் இது.

இரக்கம் இன்றைக்கு வரும், நாளைக்குப் போகும். தீனிச் செலவோ ஒவ்வொரு நாளும் வரும். வக்பு செய்த காணியை விற்க முடியாது, அன்பளிப்புச் செய்ய முடியாது, வாரிசுகள் பங்கு போட முடியாது. கொடுத்தவர் மௌத்தான பிறகும் புல் முளைக்கும்.

ஆனாலும் அந்தப் புல்வெளி இன்றில்லை. தன் காலத்தில் அங்கே நகரசபை விளையாட்டு மைதானம் இருந்ததாக ஸிபாஈ சொல்கிறார். பள்ளிவாசல் காணியை யாராவது பிடித்தால் ஊரே திரண்டு கேட்கும். கிழட்டுக் குதிரை யாரிடம் போய் முறைப்பாடு செய்யும்?

இன்று மேல் நாடுகளில் இத்தகைய இடங்களை "சாங்சுவரி" என்கிறார்கள். 1986 இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், கால்நடைச் சந்தையொன்றில் செத்த மிருகங்களின் குவியலில் உயிரோடு கிடந்த செம்மறி ஆடொன்றை இருவர் மீட்டார்கள். "ஹில்டா" என்று பெயரிட்டு வளர்த்தார்கள். அது இன்னும் பத்து வருடங்களுக்கு மேல் வாழ்ந்தது. "ஃபார்ம் சாங்சுவரி" என்ற அமைப்பின் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. அதைப் படிக்கும் எமது இளைஞர்கள், இதைவிடப் பழைய டமஸ்கஸ் புல்வெளியையும் அறிந்திருக்க வேண்டும்.

2020 செப்டம்பரில் மாடறுப்பைத் தடை செய்ய எமது நாட்டின் அமைச்சரவை தீர்மானித்தது ஞாபகம் இருக்கும். வயது போய் விவசாயத்துக்கு உதவாத மாடுகளுக்கு ஒரு வேலைத்திட்டம் வேண்டும் என்றும் அதே தீர்மானத்தில் இருந்தது. தடை சரியா பிழையா என்று நாடே கதைத்தது. அந்த மாடுகளைப் பற்றிக் கதைத்தவர்கள் குறைவு. அந்த இடத்தில் நாங்கள் பேசுவதற்கு எமது வரலாற்றிலேயே ஒரு பதில் இருந்தது.

எமது பள்ளிவாசல்களுக்கும் வக்புக் காணிகள் இருக்கின்றன. 1956 ஆம் ஆண்டின் 51 ஆம் இலக்க வக்புச் சட்டமும் இருக்கிறது. அடுத்த முறை யாராவது ஒரு துண்டுக் காணியை வக்பு செய்ய நிய்யத்து வைத்தால், அதில் ஒரு மூலை வாயில்லா ஜீவன்களுக்கும் என்று எழுதச் சொல்லுங்கள். எழுதும்போதே, அதை யார் கண்காணிப்பது என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.