ஆங்கிலத்தில் மோதல் ஒலிக்குறிப்புச் சொற்கள் : ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

சொல்லுக்கும் பொருளுக்கும் இடையிலான உறவு இடுகுறித் தன்மையது என்பது இக்கால மொழியியலின் அடிப்படைக் கொள்கை. 1916இல் வெளிவந்த சசூரின் விரிவுரைத் தொகுப்பு இதனை நிலைநாட்டியது. ஒலிக்குறிப்புச் சொற்கள் எண்ணிக்கையில் குறைந்தவை என்றும், மொழியமைப்பின் இயல்பான உறுப்புகள் ஆகா என்றும் அந்நூல் அவற்றை ஒதுக்கியது. ஆங்கிலத்தில் அடித்தல், மோதுதல், நொறுங்குதல் ஆகியவற்றின் ஓசையைப் போன்று ஒலிக்கும் சொற்களின் வரலாற்றை நோக்கினால், இவ்வொதுக்கம் எந்த அளவிற்குப் பொருந்தும் என்பது விளங்கும். அதனை ஆராய்வதும், மொழிபெயர்ப்பாளர்க்கு அது உணர்த்துவதைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. சொற்களின் வருகை

இச்சொற்கள் அனைத்தும் ஒரே காலத்தில் தோன்றியவை அல்ல. கைதட்டலைக் குறிக்கும் 'கிளாப்', தட்டுதலைக் குறிக்கும் 'நாக்' ஆகியவற்றின் முன்வடிவங்கள் பழைய ஆங்கிலத்திலேயே உள்ளன. 'டாஷ்', 'கிராஷ்' என்பன இடைக்கால ஆங்கிலத்தில் வழங்கத் தொடங்கின. 'பேங்', 'தம்ப்', 'பம்ப்' ஆகியவை 16ஆம் நூற்றாண்டிலும், 'பாஷ்' 17ஆம் நூற்றாண்டிலும், 'வாக்' 18ஆம் நூற்றாண்டிலும் எழுத்தில் இடம்பெற்றன. 'வாம்' 20ஆம் நூற்றாண்டின் வரவு. வேறு சொற்கள் வழக்கிழந்து மறைந்த காலத்திலும் இவ்வகைச் சொற்கள் தொடர்ந்து பெருகின. காலம் செல்லச்செல்ல மொழிகள் ஒலிக்குறிப்புச் சொற்களால் வளம்பெறுகின்றன என்று 1922இல் யெஸ்பர்சன் கூறியதற்கு இது பொருத்தமான சான்று.

எனினும், இவை யாவும் ஓசையைக் கேட்டவுடன் ஆங்கிலேயர் புதிதாகப் படைத்தவை எனக் கொள்ளுதல் பிழை. 'பேங்' என்பதனைச் சுத்தியலால் அடித்தல் எனப் பொருள்படும் பழைய நார்ஸ் மொழியின் 'பங்கா' என்பதோடு அகராதியாளர் தொடர்புபடுத்துவர். 'டாஷ்' என்பதற்கும் ஸ்காந்திநேவிய உறவு காட்டப்படுகிறது. போலி ஒலிப்பும் மொழிவழி மரபும் இச்சொற்களில் ஒன்றோடொன்று கலந்துள்ளன.

3. அறிஞர் நோக்கு

ஆக்ஸ்போர்டில் வடிவகணிதப் பேராசிரியராக விளங்கிய ஜான் வாலிஸ், 1653இல் முதற்பதிப்பு வெளிவந்த தம் ஆங்கில இலக்கணத்தை இலத்தீனில் எழுதினார். 'ஆஷ்' என முடியும் 'கிளாஷ்', 'ஸ்லாஷ்' போன்ற சொற்கள் விரைவும் கூர்மையும் உடைய செயலையும், 'அஷ்' என முடியும் 'கிரஷ்', 'கஷ்' போன்றவை மழுங்கிய செயலையும் உணர்த்துவன என்பது அவர் கருத்து. சாமுவேல் ஜான்சன் 1755ஆம் ஆண்டின் தம் அகராதியில் இப்பகுதியை எடுத்தாண்டார். ஆனால் இதில் நுட்பம் மிகுதி, திண்மை குறைவு என்று மதிப்பிட்டார்.

19ஆம் நூற்றாண்டில் இவ்வினா மொழியின் தோற்றம் பற்றிய வாதத்தோடு இணைந்தது. ஹென்ஸ்லி வெட்ஜ்வுட் 1859 முதல் வெளியிட்ட சொற்பிறப்பு அகராதியில் பெருந்தொகையான சொற்களுக்கு ஒலிப்போலியே மூலம் என்றார். 1861இல் விரிவுரையாற்றிய மாக்ஸ்முல்லர் இக்கொள்கையை 'பௌ-வௌ' என எள்ளினார்; ஒலிப்போலிச் சொற்கள் வேரற்ற செயற்கைப் பூக்கள், அவை பிற சொற்களை ஈனா என்பது அவர் முடிவு.

மோதல் ஒலிச்சொற்களின் வரலாறு இம்முடிவுக்கு இசைவதாக இல்லை. 'கிராஷ்' பங்குச்சந்தை வீழ்ச்சிக்கும் கணிப்பொறியின் செயலிழப்புக்கும் பெயராயிற்று. 'ஸ்மாஷ்' பெருவெற்றியையும் குறிக்கிறது. 'ஸ்லாப்' என்பதிலிருந்து பிறந்த 'ஸ்லாப்ஸ்டிக்', ஓசையெழுப்பும் நாடகக் கழியைக் குறித்துப் பின் ஒருவகை நகைச்சுவையின் பெயராயிற்று. வேரற்ற பூக்கள் இவ்வாறு கிளைப்பதில்லை.

20ஆம் நூற்றாண்டில் ஆய்வு உருபனியல் நோக்கில் திரும்பியது. ஃபர்த் 1930இல் இத்தகைய ஒலிக்கூட்டங்களுக்கு 'ஃபோனஸ்தீம்' என்று பெயரிட்டார். புளூம்ஃபீல்டு 1933இல் 'கிர்-' என்னும் தொடக்கம் ஓசைமிக்க மோதலையும், 'ப்-' மந்தமான மோதலையும், 'ஆஷ்' என்னும் ஈறு வன்மையான இயக்கத்தையும் உணர்த்துவதாக வகுத்தார். இதன்படி 'கிராஷ்' என்பது ஓசைமிக்க மோதலும் வன்மையும் இணைந்ததாகும். ஆனால் பணத்தைக் குறிக்கும் 'காஷ்', சாம்பலைக் குறிக்கும் 'ஆஷ்' ஆகியவற்றில் வன்மை எதுவும் இல்லை. ஆகவே இவ்வீறுகளை விதியெனக் கொள்ளாமல், சொற்கூட்டம் ஒன்றினுள் நிலவும் போக்கு எனக் கொள்வதே தகும்.

4. ஒலிமாற்றத்தின் சான்று

இச்சொற்கள் ஓசையின் நேர்ப்படிகளாக மட்டும் இருப்பின் ஒலிமாற்ற விதிகளுக்கு உட்படாதிருத்தல் வேண்டும். உண்மை அவ்வாறன்று. 'நாக்' என்பதன் முதலில் ககர ஒலி முன்னர் ஒலிக்கப்பட்டது; கதவைத் தட்டும் ஓசையை அக்ககரம் மிகப் பொருத்தமாகக் காட்டியிருக்கும். எனினும், முழங்காலையும் கத்தியையும் குறிக்கும் சொற்களில் முதற்ககரம் மறைந்தபோது இச்சொல்லிலும் மறைந்தது. இன்று அது எழுத்தில் மட்டுமே எஞ்சியுள்ளது. அவ்வாறே, 'தம்ப்', 'பம்ப்' என்பவற்றில் முன்பு உகரம் ஒலித்தது. 17ஆம் நூற்றாண்டளவில் தென்னிங்கிலாந்து வழக்கில் அது அகரத்தை ஒத்த ஒலியாயிற்று. வட இங்கிலாந்தில் உகரம் இன்றும் கேட்கப்படுகிறது. கனத்த பொருள் விழும் ஓசை இருபகுதியிலும் ஒன்றே, சொல் வேறுபட்டது. போலி ஒலிப்பால் பிறந்தாலும் மொழியினுள் புகுந்தபின் சொல் மொழியின் விதிக்கே கட்டுப்படுகிறது என்பது இதனால் பெறப்படும்.

5. மொழிபெயர்ப்பில் எழும் சிக்கல்

ஆங்கில மோதல் ஒலிச்சொற்கள் பெரும்பாலும் தாமே வினையாகவும் பெயராகவும் நிற்பன. தமிழில் ஒலிக்குறிப்பு, 'என', 'என்று' என்பவற்றை ஏற்று வினைக்கு அடையாக வருவதே பெருவழக்கு. ஆங்கிலத்தில் கதவு 'பேங்' செய்தது என ஒரே வினையில் அடங்குவது, தமிழில் 'கதவு படாரெனச் சாத்திக்கொண்டது' என ஓசையும் செயலுமாகப் பிரியும். 'சாத்திக்கொண்டது' என்று மட்டும் எழுதினால் ஓசை கெடும். ஒவ்வோரிடத்தும் 'படார்', 'தடால்', 'மடார்' எனச் சேர்த்தால், ஆங்கிலத்தில் இயல்பாக நின்ற நடை தமிழில் மிகையாகும். இழப்பு, மிகை ஆகிய இரண்டில் எதனை ஏற்பது என்பதை இடம்நோக்கியே முடிவுசெய்தல் வேண்டும்.

கலைச்சொல்லாக்கத்தில் இச்சிக்கல் வேறு வடிவம் கொள்கிறது. 1949இல் வானொலிப் பேச்சு ஒன்றில் ஃபிரெட் ஹாயில், தாம் ஏற்காத அண்டத் தோற்றக் கொள்கையை 'பிக் பேங்' என்றார். தமிழின் 'பெருவெடிப்பு' பொருளைச் செவ்வனே தருகிறது. ஆயினும், பேச்சுவழக்கின் எளிமையும் 'பேங்' என்னும் ஓசையும் அதில் இல்லை. அறிவியல் பாடநூலுக்கு அது குறையன்று. ஹாயிலின் பேச்சையே மொழிபெயர்ப்பவர்க்கு அது குறையாகும்.

6. முடிவுரை

மோதல் ஒலிக்குறிப்புச் சொற்கள் இயற்கை ஓசைக்கும் மொழியமைப்புக்கும் இடைப்பட்ட நிலையின. அவற்றை முற்றிலும் போலி எனலும், முற்றிலும் இடுகுறி எனலும் வரலாற்றுக்கு ஒவ்வா. எமனோ 1969இல் இந்திய மொழிகளின் ஒலிக்குறிப்புச் சொற்களை ஆராய்ந்து, திராவிட மொழிகளும் இந்தோ-ஆரிய மொழிகளும் இவ்வமைப்பில் ஒருமைப்படுவதைக் காட்டினார். ஓசையைச் சொல்லாக்கும் முறை மொழிதோறும், மொழிப் பரப்புதோறும் வேறுபடுவது என்பதற்கு அதுவும் சான்றாகும். எனவே மொழிபெயர்ப்பாளர் தேடவேண்டியது ஆங்கில ஓசைக்கு நெருங்கிய ஓசையை அன்று. அவ்வோசை ஆங்கிலத் தொடரில் ஆற்றிய பணியைத் தமிழில் ஆற்றவல்ல சொல்லையே ஆகும்.