எதில் எழுதியிருக்கிறது?

சென்ற மாதம் பேரன் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டான். "எங்க காலத்துல இதுக்கெல்லாம் மஞ்சள்தான்டா" என்றேன். "அது எதுல எழுதியிருக்கு தாத்தா?" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. அம்மா செய்வாள், அவ்வளவுதான் தெரியும்.

இதே கேள்வி ஒருமுறை நம் நாட்டின் முன்னாலும் வந்து நின்றது. 1995 மார்ச்சில், மஞ்சளைக் கொண்டு புண்ணை ஆற்றும் முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. பெற்றது மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம். நம் பாட்டிமார் எல்லோருக்கும் தெரிந்த விஷயமாயிற்றே என்று சொன்னால் அங்கே எடுபடாது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, பிற நாட்டில் ஒன்று வழக்கத்தில் இருப்பது மட்டும் சான்றாகாது. அது அச்சில் வந்திருக்க வேண்டும்.

ஆர்.ஏ.மஷேல்கர் தலைமையில் இருந்த சி.எஸ்.ஐ.ஆர். 1996-ல் வழக்கை எடுத்தது. சமஸ்கிருதம், உருது, இந்தி நூல்களிலிருந்து தேடித் தேடி 32 சான்றுகளைத் திரட்டியது. அவற்றில் 1953-ல் இந்திய மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஒரு கட்டுரையும் உண்டு. 1997 ஆகஸ்டில் காப்புரிமை ரத்தானது. வேம்பின் கதை இன்னும் நீளம். வேப்ப எண்ணெயால் பயிரின் பூஞ்சையை அழிக்கும் முறைக்கு ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 1994-ல் கொடுத்த உரிமை 2000-ல் ரத்தாகி, மேல்முறையீடும் முடிய 2005 ஆகிவிட்டது.

ஒவ்வொன்றுக்கும் இப்படி வழக்காடிக்கொண்டிருக்க முடியுமா? அதற்காகத்தான் 2001-ல் பாரம்பரிய அறிவு மின்னணு நூலகம் தொடங்கப்பட்டது. ஆயுர்வேதம், யுனானி, சித்தம், யோகம் எல்லாம் அதில் அடக்கம். இன்று நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட மருந்து முறைகள் அதில் உள்ளன.

நூலில் இருப்பது வேறு, தேடுகிறவர் கைக்குக் கிடைப்பது வேறு. நம் சித்தர் பாடலை மியூனிக்கில் இருக்கும் அதிகாரி எப்படிப் படிப்பார்? பெயர்களிலும் குழப்பம். பிராமி என்றால் ஓரிடத்தில் வல்லாரை, இன்னோரிடத்தில் நீர்ப்பிரம்மி. ஆகவே மூலிகைக்குத் தாவரவியல் பெயர் சேர்த்தார்கள். காப்புரிமை அலுவலகங்கள் பயன்படுத்தும் பகுப்பு முறையை ஒட்டி ஆயிரக்கணக்கான உட்பிரிவுகள் வகுத்தார்கள். ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ஜப்பானியம் என ஐந்து மொழிகளில் தந்தார்கள். ஐரோப்பிய அலுவலகம் 2009 முதல் இதில் தேடிப் பார்த்துதான் முடிவெடுக்கிறது.

ஒன்றை மறக்கக் கூடாது. இந்த நூலகம் சொல்வது, இது பழையது, ஏற்கெனவே தெரிந்தது என்பதை மட்டுமே. நோய் தீரும் என்று அது உறுதி கூறவில்லை. அதற்கு வைத்தியரிடம்தான் போக வேண்டும்.

பேரனிடம் இதையெல்லாம் சொன்னேன். அவன் விடவில்லை. "அப்போ உங்க அம்மா செஞ்சதெல்லாம் அதுல இருக்கா?"

மஞ்சள் இருக்கிறது. ஆனால் என் குதிகால் வெடிப்புக்கு அம்மா வாய்க்கால் கரையிலிருந்து ஒரு இலை பறித்து வந்து அரைத்துப் போடுவாள். அதன் பெயரை நான் கேட்டு வைக்கவில்லை. என் அக்கா ஒரு செடியைச் சொல்கிறாள், எனக்கு வேறொன்று நினைவு. அம்மா போய் முப்பது வருஷம் ஆகிறது. எழுதாமல் போனதை எந்த நூலகத்தில் போய்த் தேடுவது?

உங்கள் வீட்டில் பெரியவர்கள் இருந்தால், இன்றைக்கே ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். இலையின் பெயரோடு, அது எங்கே முளைக்கும் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.