மருந்து மலையும் மறைந்த படாமும்

போடிநாயக்கனூர்! மேற்கே நிமிர்ந்தால் மலை; மலையின்மேல் முகில்; முகிலின் நிழலிலே ஏலம். ஏலத்தை ஏலம் விட்டு வாழும் ஊர் என்று வேடிக்கையாகச் சொல்வர். சொல் வேடிக்கை, வாழ்வு வேடிக்கையன்று. விடியுமுன் எழுந்து, தூக்குச்சட்டியில் சோறெடுத்து, ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டைக் கடந்து, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்துத் தோட்டங்களுக்குச் செல்கிறார்கள் பெண்கள். ஏலச்செடி ஆளுயரத்துக்கு மேலே வளரும். காயோ, தரையோடு தரையாகக் கிடக்கும் சரத்திலே காய்க்கும். ஆகவே, எடுப்பவள் குனிந்தே தீரவேண்டும். குனிந்த முதுகின் உழைப்பால் நிமிர்ந்து நிற்கும் ஊர் அது.

இந்த மலையை எவரேனும் ஓவியமாகத் தீட்டியதுண்டா? இக்கேள்வியோடு ஊருக்குள் நுழைந்தால், ஜமீன் அரண்மனை எதிர்ப்படுகிறது. அங்கே, இலட்சுமி விலாசத்திலே, சுவரோவியங்கள் இருக்கின்றன. எதைத் தீட்டினர்? இராமாயணத்தை! காடு உண்டு அதிலே. ஆனால் அது காவியத்தில் வரும் காடு. கூப்பிடு தொலைவிலே, அரண்மனைக் கருவூலத்துக்குப் பொருள் ஈட்டித் தந்த காடு அன்று. ஓவியனைக் குறை கூறுவதற்கில்லை. கூலி கொடுத்தவர் கேட்ட கதையை அவன் தீட்டினான். கைத்திறன் மெச்சத்தக்கதே. எனினும், கேள்வி அப்படியே நிற்கிறது.

விடை கிடைக்கும் இடம் போடி அன்று, மதுரை அன்று, வஞ்சியும் அன்று. பனிபடர்ந்த இமயத்துக்கும் அப்பால், திபேத்து நாட்டு லாசா நகரிலே கிடைக்கிறது! நம் மலையின் பெயரைத் துணியிலே தீட்டி வைத்தவர்கள், இம்மலையை ஒருநாளும் கண்டிராத புத்த பிக்குகள்.

திபேத்திலே மருத்துவத்துக்கு மூலநூல் ஒன்றுண்டு. ‘கியூசி’ என்பர்; நான்கு தந்திரங்கள் என்பது பொருள். 12ஆம் நூற்றாண்டளவில் வடிவு பெற்ற அந்நூல், மருந்து நகரம் ஒன்றை வருணித்துத் தொடங்குகிறது. நடுவிலே நீலநிறப் புத்தர், மருத்துவராக வீற்றிருக்கிறார். நகரைச் சுற்றி நான்கு மலைகள். தெற்கே விந்தியம், வடக்கே இமயம், கிழக்கே கந்தமாதனம், மேற்கே மலயம்! அந்த மலயத்திலே ஆறு நன்மருந்துகள் விளைகின்றனவாம்: சாதிக்காய், கிராம்பு, குங்குமப்பூ, மூங்கிலுப்பு, பேரேலம், ஏலம்.

மலயம் என்று வடநூலார் வழங்கியது, சந்தனம் கமழும் நம் தென்மேற்கு மலைத்தொடரை. ‘மலை’ என்னும் தமிழ்ச் சொல்லே அங்கே மலயம் ஆயிற்று என்பது அறிஞர் பலரும் கூறும் கருத்து. அந்தத் தொடரிலே ஏலத்துக்கென்றே பெயர்பெற்ற பகுதி, போடிக்கு மேலே நிற்கும் ஏலமலை.

ஐந்தாம் தலாய் லாமாவின் ஆட்சிப் பொறுப்பை ஏற்றிருந்த சங்யே கியாட்சோ என்பார், 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலே, கியூசி நூலுக்கு ‘நீல வைடூரியம்’ என்னும் உரையை எழுதினார். எழுதியதோடு நின்றாரில்லை, அதனை 79 துணி ஓவியங்களாகத் தீட்டச் செய்தார். மாணவன் படித்து மட்டுமன்றிப் பார்த்தும் பயில வேண்டும் என்பது நோக்கம். எலும்பும் நரம்பும், செடியும் கனியும், நோயும் உணவும் அங்கே வண்ணத்தில் விளங்குகின்றன. அவற்றுள் முதற் படமே மருந்து நகரம். அதன் மேற்கே மலய மலை.

பகுத்தறிவாளர் இங்கே உடனே ஒன்று கேட்பர், கேட்கவும் வேண்டும். ஆறு மருந்துகளும் ஒரே மலையில் விளைவது உண்மையா? உண்மையன்று. குங்குமப்பூ காசுமீரத்துப் பொருள். கிராம்பும் சாதிக்காயும் கிழக்குக் கடலின் தீவுகளிலே பிறந்தவை. பேரேலம் சிக்கிம், நேபாளப் பக்கத்துச் சரிவுகளுக்கு உரியது. எஞ்சியவற்றுள், மூங்கிலுப்பு நம் மலைக்கும் உண்டு. ஏலம் நம் மலைக்கே பிறப்புரிமை. அப்படியானால் நூலாசிரியர் பொய் புனைந்தாரா? வணிகரின் மூட்டையிலே ஒன்றாக வந்து இறங்கியவற்றை, ஒரே மலையிலே விளைந்தவை என்று எண்ணியிருக்கலாம். தொலைவு பெரிது, செய்தி மங்கும். நமக்கு வேண்டுவது அந்த நீலநிறத் தெய்வத்தின் அருள் அன்று. அவ்வளவு தொலைவுக்கு நம் மலையின் பெயர் மணத்தோடு சென்றிருக்கிறது என்னும் வரலாறு.

பெயர் ஒன்றுமட்டுமா சென்றது? லாசாவிலே 1645ஆம் ஆண்டு கட்டத் தொடங்கிய பொதாலா அரண்மனைக்குப் பெயர் வந்தது, அவலோகிதரின் இருப்பிடமாகப் புத்தநூல்கள் கூறும் பொதலக மலையால். 7ஆம் நூற்றாண்டிலே காஞ்சிக்கு வந்த சீனத்துறவி யுவான் சுவாங், தெற்கே மலய மலைக்குக் கிழக்கே பொதலகம் இருப்பதாகக் கேள்வியுற்று எழுதினார். அதனைப் பொதிகை என்று கொள்ளும் ஆய்வாளர் உண்டு. பொதிகை, ஏலமலையின் தெற்கே, அதே தொடரில் நிற்பது. வீரசோழியம் இயற்றிய புத்தமித்திரர், அகத்தியர் தமிழ் கற்றது அவலோகிதரிடம் என்றார். வைதிகப் புராணமோ சிவனிடம் என்கிறது. இரண்டும் கதையே! ஆனால், தமிழுக்கு ஆசான் யார் என்று இரண்டு சமயங்கள் மல்லுக்கு நின்றன என்பது கதையன்று. 11ஆம் நூற்றாண்டிலும் புத்தம் இங்கே குரலெழுப்பிக் கொண்டிருந்தது என்பதற்கு அது சான்று.

இனி, அந்தத் துணியைச் சற்றே கையில் எடுத்துப் பார்ப்போம். ‘தங்கா’ என்பது அதன் பெயர். பருத்தித் துணியை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டுவர். பசையும் சுண்ணமும் கலந்து பூசி, வழுவழுப்பான கல்லாலோ சங்காலோ தேய்த்து மெருகேற்றுவர். அளவுக் கோடுகள் போட்டு, உருவம் வரைந்து, கல்லைப் பொடித்தெடுத்த நீலத்தையும் பச்சையையும் சிவப்பையும் ஏற்றுவர். பின்னர்ச் சுற்றிலும் பட்டு வைத்துத் தைப்பர். சுருட்டினால் கைத்தடி அளவு. விரித்தால் ஓர் உலகம்! ஊர் ஊராகச் செல்லும் பிக்குவுக்கு அதுவே கோயில், அதுவே பள்ளிக்கூடம். இன்று லடாக்கிலும் சிக்கிமிலும் தருமசாலையிலும் இக்கலை நடைபெறுகிறது. ஓரத்துக்கு வேண்டிய ‘கியாசர்’ என்னும் பொற்சரிகைப் பட்டை நெய்து தந்தவர்கள் யார் தெரியுமா? காசி நகரத்து இசுலாமிய நெசவாளர்கள். பிக்கு வணங்க, முசுலிம் நெய்ய, காசியிலே தறி ஓடிற்று! மதத்தின் பெயரால் மண்டை உடைப்போர் இதை நினைத்துப் பார்ப்பாரா?

மருத்துவப் புத்தரின் கையிலே இருப்பது கடுக்காய். அதைக் கண்டதும் நம் நாட்டுச் சாயக்காரருக்கு ஒரு நினைவு வரும். துணியிலே கோலெடுத்து வண்ணம் எழுதும் கலம்காரித் தொழிலில், துணியைக் கடுக்காய்ச் சாற்றிலே ஊறவைத்த பிறகே வேலை தொடங்கும். வண்ணம் பிடித்து நிற்பது அதனால்தான். அங்கே தெய்வத்தின் கையில் உள்ள காய், இங்கே தொழிலாளியின் தொட்டியில்!

இன்னொரு முரண்பாடும் உண்டு. இன்று பொற்சரிகைக்கு நடுவே வைக்கப்படும் அந்தப் புத்தர், தம் பிக்குகளுக்கு அளித்த ஆடை எது? கந்தல். குப்பைமேட்டிலும் சுடுகாட்டிலும் கிடந்த துணியைத் துண்டு துண்டாக்கி, தைத்து உடுத்தினர். வேர், கட்டை, பட்டை, இலை, பூ, காய் ஆகியவற்றால் துவர்ச்சாயம் ஏற்றினர். மகத நாட்டு நெல்வயல்களைக் காட்டி, “ஆனந்தா, இவ்வரப்புகள் போலத் துணியைத் தைக்கலாகுமா?” என்று புத்தர் வினவியதாக வினயநூல் கூறுகிறது. உழவனின் வயலே துறவியின் ஆடைக்கு வடிவம்! புத்தக் கலையிலே முதல் துணிக்கலை, ஓவியமன்று, அந்தத் தையல். அதைவிட அழகியதை நான் அறியேன்.

தமிழகத்திலே இத்தகைய துணி ஓவியம் இருந்ததா? இருந்தது. துணி இல்லை, சொல் இருக்கிறது. சாத்தனாரின் மணிமேகலையிலே, மலர்வனம் புக்க காதையைப் புரட்டுங்கள். புத்தரின் பாதபீடிகை உள்ள உவவனம் பூத்துக் கிடக்கும் காட்சியை விளக்கவந்த புலவர், கைதேர்ந்தோர் ஓவியம் எழுதிய படாம் ஒன்றைப் போர்த்தியது போலிருக்கிறது என்கிறார். படாம் என்றால் துணி. உவமை என்பது படிப்பவர் அறிந்த பொருளைக் கொண்டே சொல்லப்படுவது. அறியாததைக் காட்டி அறிந்ததை எவரும் விளக்கார். ஆக, புகாரிலே சித்திரத்துணி தெருவறிந்த பொருள். அதே காதையிலே, செங்கல் மாளிகைகளின் வெண்சுதைச் சுவரில், வானவர் முதலாக எல்லா உயிர்களையும் தீட்டியிருக்க, மக்கள் கூடிநின்று பார்க்கின்றனர். அரண்மனைக்குள் அடைபட்ட ஓவியமன்று. வழிப்போக்கனும் நின்று பார்க்கும் ஓவியம்! சிலப்பதிகாரத்தின் அரங்கிலும் ஓவிய விதானம் உண்டு, எழினி உண்டு.

படத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று, இன்ன வினைக்கு இன்ன பயன் என்று காட்டுவோர் பண்டு இருந்தனர். அத்தகைய நடமாடும் சித்திரத்தைப் பாலி நூலாகிய சங்யுத்த நிகாயத்திலே புத்தர் குறிப்பிடுகிறார். அந்தச் சித்திரத்தைக் காட்டிலும் பலவண்ணம் உடையது மனம் என்கிறார். பாலி நூல்களுக்குப் பேருரை எழுதிய புத்தகோசர் காஞ்சியிலே தங்கியிருந்தவர். அவர் காலத்துப் புத்ததத்தரோ உறையூர்க்காரர், காவிரிப்பூம்பட்டினத்து விகாரையிலே இருந்து எழுதியவர். புத்தச் சிந்தனைக்கு நம் மண் விருந்தாளியின் திண்ணையாக அன்று, வீட்டின் நடுக்கூடமாகவே இருந்தது.

பின், எங்கே போயிற்று எல்லாம்? பருத்தியைப் பூச்சி தின்றது, ஈரம் தின்றது என்பது ஒரு பாதி விடை. மறு பாதியை மனிதர் செய்தனர். துணி ஓவியம் நைந்தால் மறுபடி எழுத வேண்டும். எழுதுவிக்க ஒருவர் வேண்டும். சம்பந்தர் பாடிய பதிகங்களிலே பெரும்பாலானவற்றில் பத்தாம் பாட்டு சமணரையும் புத்தரையும் பழிப்பதற்கென்றே ஒதுக்கப்பட்டது. வயல்வரப்பைக் கண்டு தைத்த துவராடையும் அங்கே ஏச்சுக்கு உள்ளாயிற்று. யுவான் சுவாங் பாண்டிய நாட்டைப் பற்றி எழுதியது, இடிந்த விகாரைகள் பல, எஞ்சியவை சில என்பதே. நாகையிலே மட்டும் புத்தம் நெடுங்காலம் நின்றது. சீவிசய மன்னன் எடுத்த சூடாமணி விகாரைக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலத்தை அளித்தான். நாகையில் எஞ்சி நின்ற புத்தக் கோபுரத்தை 1867இல் ஏசுசபையினர் இடித்தனர், ஆங்கில அரசின் இசைவோடு! மண்ணுக்குள்ளிருந்து 350க்கு மேற்பட்ட செப்புப் புத்தர்கள் வெளிப்பட்டனர். செம்பு மண்ணுக்குள் காத்துக் கிடக்கும். துணி காத்துக் கிடக்குமா?

போடிக்குத் தெற்கே உத்தமபாளையத்துப் பாறையிலே வரிசையாகத் துறவியர் உருவங்கள் உள்ளன. புத்தர் என்று சிலர் காட்டுவர். அவர்கள் சமணத் தீர்த்தங்கரர். அச்சணந்தியின் பெயரும் வட்டெழுத்திலே அங்கே உண்டு. சமணத்தைப் புத்தமாக்கி நாம் பெருமை தேட வேண்டியதில்லை. பாறை, தான் கண்டதைக் காட்டுகிறது. அவ்வளவே.

கடல் கடந்தால் காட்சி மாறுகிறது. போடியிலே இராமாயணம் தீட்டச் செய்தது தெலுங்கு மரபு நாயக்கர் குடி. மதுரைப் பக்கமிருந்து மணவுறவால் சென்று கண்டி அரியணை ஏறியதும் நாயக்கர் குடியே. அக்குடியில் வந்த கீர்த்தி சிறீ இராசசிங்கன் 1747 முதல் 1782 வரை ஆண்டான். 1753இல் சயாமிலிருந்து பிக்குகளை அழைத்துச் சங்கத்தை மீண்டும் நிறுவினான். தெகல்தொருவைக் குகைக் கோயிலிலே சாதகக் கதைகளைச் சுவர் முழுதும் தீட்டச் செய்தான். மகனையும் மகளையும் மனைவியையும் தானமாகக் கொடுத்த வெசந்தரன் கதை அங்கே நீண்ட பட்டைகளாக, செம்மண் பின்னணியில், ஒன்றன்கீழ் ஒன்றாக ஓடுகிறது. சுருட்டிய துணியை விரித்துச் சுவரில் ஒட்டியது போல! (மனைவி மக்களைத் தானம் கொடுப்பது எந்த மதத்தில் வந்தாலும் நமக்கு ஒவ்வாத அறம்தான்.) நாயக்கர் இங்கே இருந்தால் இராமன், அங்கே போனால் போதிசத்துவன். குடிகளின் சமயம் எதுவோ அதையே கோல் பிடித்தவன் சுவரும் பேசியது. இங்கே சாதகக் கதை கேட்கக் குடிகள் இல்லை; அவர்கள் காதிலிருந்து அக்கதை அகன்று பல நூற்றாண்டுகள் ஆகியிருந்தன.

நீல வைடூரிய ஓவியங்களின் கதையும் துன்பமற்றதன்று. அவை பயிலப்பட்ட சாக்போரி மருத்துவக் கல்லூரி, லாசாவில் மூண்ட கலவரத்தின்போது 1959இல் தகர்க்கப்பட்டது. ஆனால், அதற்கு முன்னரே புரியாத்து நாட்டுப் பிக்குகள் அப்படங்களைப் பார்த்துப் படியெடுத்திருந்தனர். அந்தப் படிகள், பைக்கால் ஏரிக்கு அப்பால், உருசியாவின் உலான் உதே நகர அருங்காட்சியகத்திலே உள்ளன. ஏலம் விளையாத, பனி உறையும் அந்த ஊரிலே, முதற் துணியை விரித்தால், மருந்து நகரின் மேற்கே மலயம் நிற்கிறது.