மாத்தளைக்கு வந்த கடிதம்

ஒரு பத்திரிகையின் பலம் அதன் விற்பனைத் தொகையில் இருக்கிறது என்று பத்திரிகை முதலாளிமார் நம்புகின்றனர். ஒரு தளத்தின் பலம் அதற்கு வந்து போகிறவர்களின் எண்ணிக்கையில் இருக்கிறது என்று இணையத்தில் எழுதுகிறவர்கள் நம்புகின்றனர். இரண்டும் ஒரே நம்பிக்கைதான். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அச்சு மையின் மணத்தோடு வாழ்ந்தவன் என்ற முறையில், இந்த எண்ணிக்கைகளை நான் அவ்வளவாக மதிப்பதில்லை. ஓர் எழுத்து எத்தனை பேர் கைக்குப் போனது என்பது ஒரு கணக்கு. அது யார் காதில் விழுந்தது என்பது வேறொரு கணக்கு. இரண்டாவது கணக்கைக் கண்டுதான் ஆட்சியாளர்கள் எப்போதும் அஞ்சி வந்திருக்கிறார்கள். இதற்கு இலங்கையில் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று மாத்தளையில் இருக்கிறது.

மாத்தளை மாவட்டத்தின் பதினொரு பிரதேச செயலகப் பிரிவுகளில் யட்டவத்தயும் ஒன்று. உலக வரைபடத்தில் அதைத் தேடுவோர் குறைவு. நான் கொழும்பில் செய்தி மேசையில் இருந்த காலத்தில், அந்தப் பக்கத்துச் செய்திகளைப் பகுதிநேர நிருபர் ஒருவர் அனுப்பி வைப்பார். தாளின் இரு பக்கமும் நெருக்கி எழுதி, மாத்தளைக்குப் போகும் பஸ்ஸில் கொடுத்து அனுப்புவார். அங்கிருந்து அது தபாலில் ஏறும். புதன்கிழமை நடந்தது சனிக்கிழமை எங்கள் மேசைக்கு வரும். அதில் பாதியை நாங்கள் வெட்டுவோம். பிரசுரமான செய்திக்கு மட்டுமே அவருக்குப் பணம். எங்கள் பத்திரிகை யட்டவத்தக்கு எத்தனை பிரதி போகிறது என்று ஒருமுறை விநியோகப் பிரிவில் விசாரித்தேன். சொன்ன எண்ணிக்கையைக் கேட்டுச் சிரித்துவிட்டேன். நிருபரிடம் அதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. தேநீர்க் கடையில் ஒரு பிரதி போதும் ஐயா, ஒருவர் வாசித்தால் இருபது பேர் கேட்பார்கள் என்றார். 1848இல் நடந்ததும் ஏறக்குறைய இதுவே.

அன்றைய பத்திரிகை உலகத்தைச் சற்று நினைவுபடுத்திக் கொள்வோம். 1832இல் தேசாதிபதி ஹோர்ட்டன் காலத்தில் அரசாங்கத்தின் அச்சகத்திலேயே 'கொழும்பு ஜேர்னல்' என்றொரு பத்திரிகை தொடங்கிற்று. தேசாதிபதியே புனைபெயரில் அதில் எழுதினார். அரசாங்கம் பத்திரிகை நடத்துவது லண்டனுக்குப் பிடிக்கவில்லை. அடுத்த ஆண்டே அது நின்றது. அந்த வெற்றிடத்தில் 1834 பெப்ரவரியில் கொழும்பு வர்த்தகர்களின் ஆதரவுடன் 'ஒப்சேவர்' பிறந்தது. சில காலத்தில் அது கிறிஸ்தோபர் எலியட் என்ற மருத்துவரின் கைக்கு வந்தது. ஐரிஷ்காரர், அரசாங்கத்தைக் குத்திக் கிளறுவதில் விருப்பமுள்ளவர். யாழ்ப்பாணத்தில் 1841 ஜனவரியில் 'உதயதாரகை' வந்துவிட்டது. சிங்களத்திலோ செய்திப் பத்திரிகை இன்னும் தோன்றவில்லை. 'லங்காலோக' காலியில் வெளியானது 1860இல்தான். ஆக, 1848இல் மலைநாட்டுச் சிங்களக் கிராமத்தவன் ஒருவனுக்குத் தன் மொழியில் வாசிக்க ஒரு பத்திரிகை கூட இல்லை.

அந்த நிலையில் வந்து சேர்ந்தார் டொரிங்டன் பிரபு. முப்பத்தைந்து வயதை எட்டாத இளைஞர். இங்கிலாந்துப் பிரதமரின் உறவினர். கோப்பி விலை 1847இல் வீழ்ந்து திறைசேரி வற்றிக் கிடந்தது. துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி, வண்டிக்கு வரி என்று புதிய வரிகள் வந்தன. எல்லாவற்றையும் விடக் கொடியது வீதிச் சட்டம். வயது வந்த ஆண் ஒவ்வொருவரும் ஆண்டில் ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், அல்லது மூன்று சிலிங் கட்ட வேண்டும். வீதிகள் யாருக்கு? கோப்பித் தோட்டங்களுக்கு. நிலத்தை இழந்தவன் தன் நிலத்தைப் பறித்தவனுக்குப் பாதை வெட்ட வேண்டும் என்பதே இதன் பொருள்.

ஜூலை தொடக்கத்தில் 'ஒப்சேவர்' பத்திரிகையில் 'ஓர் ஆங்கிலேயன்' என்ற கையொப்பத்துடன் ஒரு கடிதம் வெளியாயிற்று. அவ்வாண்டு பெப்ரவரியில் பாரிஸில் மன்னன் முடியிழந்த செய்தி அப்போது இலங்கைக்கு வந்து சேர்ந்திருந்தது. பிரதிநிதித்துவம் இல்லாத மக்கள் மீது வரி சுமத்துவது முறையா என்பதே கடிதத்தின் சாரம். ஆங்கிலப் பத்திரிகையில் ஆங்கிலேயன் எழுதிய ஆங்கிலக் கடிதம். அத்துடன் நின்றிருந்தால் கொழும்புக் கழகங்களில் இரண்டு மாலை நேரப் பேச்சோடு முடிந்திருக்கும். ஆனால் அது சிங்களத்தில் பெயர்க்கப்பட்டுக் கைமாறிப் பரவியது. எழுத்தறிந்தவன் வாசித்தான், மற்றவர்கள் கேட்டார்கள்.

அம்மாத இறுதியில் தம்புள்ளை விகாரையில் கொங்காலகொட பண்டா மன்னராக முடிசூட்டப்பட்டார். கூட்டம் மாத்தளையை நோக்கி இறங்கியது. கச்சேரி தாக்கப்பட்டது, வரிப் பதிவேடுகள் அழிக்கப்பட்டன, வாரியப்பொல தோட்டத்திலும் சேதம் நேர்ந்தது. உடனே இராணுவச் சட்டம். சில நாட்களிலேயே எல்லாம் அடங்கிவிட்டது. இராணுவச் சட்டம் மட்டும் ஒக்டோபர் வரை அடங்கவில்லை. புரன் அப்பு ஓகஸ்ட் 8ஆம் திகதி கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். குடாப்பொல தேரரை அவருடைய சீவர ஆடையுடனேயே சுட்டார்கள். தண்டனையைச் சற்றுத் தாமதிக்குமாறு அரசாங்கத்தின் சட்ட அதிகாரி செல்பியே கேட்டும் தேசாதிபதி இணங்கவில்லை. கொங்காலகொட பண்டாவின் மரண தண்டனை மாற்றப்பட்டு, அவர் மலாக்காவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

யார் குற்றவாளி என்ற கேள்வி எழுந்தபோது டொரிங்டன் தரப்பு சுட்டிக் காட்டியவற்றுள் முதன்மையானது எலியட்டின் பத்திரிகை. எனக்கு இதில் வியப்பில்லை. வரியைத் தவறென்று ஒப்புக்கொள்வதை விடக் கடிதத்தைத் தவறென்று சொல்வது எளிது. வாரியப்பொலைக் காட்டை வெட்டியது கடிதமன்று. ஆறு நாள் வேலை கேட்டதும் கடிதமன்று. லண்டனில் பாராளுமன்றத் தெரிவுக்குழு 1849இலும் 1850இலும் விசாரித்தது. டொரிங்டன் பதவி இழந்து திரும்பினார். புதிய வரிகளில் பெரும்பாலானவை நீங்கின, வீதி வரி மட்டும் நிலைத்தது. கலகத்தின் காரணகர்த்தா என்று ஏசப்பட்ட எலியட்டோ 1858இல் இலங்கையின் தலைமைக் குடிசார் மருத்துவ அதிகாரியானார்! அரசாங்கங்களின் கோபத்துக்கும் நினைவாற்றலுக்கும் அதிகத் தொடர்பு இருப்பதில்லை.

அவ்விசாரணையில் எழுந்த இன்னொரு விவகாரத்தைச் சொல்லாமல் போக மனமில்லை. மாத்தளையில் படைத் தளபதியாக இருந்த கப்டன் வொட்சன் பெயரில் சிங்களப் பிரகடனங்கள் சில வெளிப்பட்டன. கிளர்ச்சிக்காரரின் சொத்துகளை ஒளித்து வைப்போருக்கு மரணம் என்ற வகையில் மிரட்டல். கையொப்பம் தம்முடையதன்று என்று வொட்சன் மறுத்தார். ஒரு துண்டுக் காகிதம் மெய்யா போலியா என்று பார்க்க ஓர் ஆணைக்குழுவே கடல் கடந்து வந்தது. போலிச் செய்தி என்பதை இணையம் கண்டுபிடித்தது என்று எண்ணுகிறவர்கள் இதைக் கவனிப்பார்களாக.

தமிழ் வாசகர்கள் ஒன்று கேட்கக் கூடும்: அப்போது நம்மவர் எங்கே இருந்தனர்? அதே பாதையில்தான் இருந்தனர். தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிய தொழிலாளர்கள் காட்டு வழியே தம்புள்ளை, நாலந்தை கடந்து மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் மாண்டவர்கள் ஏராளம். அந்தக் கடிதம் அவர்களுக்காக எழுதப்படவில்லை. 'உதயதாரகை' யாழ்ப்பாணத்தில் ஒளிர்ந்தது. தோட்டத்து லயத்தில் அல்ல. மலையகத் தொழிலாளிக்கு அவன் மொழியில், அவன் பக்கம் நின்று பேசுகின்ற ஏடு கிடைக்க இன்னும் ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டு செல்ல வேண்டியிருந்தது.

கோ. நடேசய்யர் தஞ்சாவூர்க்காரர். தோட்டத்துக்குள் அந்நியர் நுழைந்தால் அத்துமீறல் வழக்கு என்ற காலத்தில் புடவை வியாபாரியாகப் புகுந்தவர் என்பது மலையகம் நன்கறிந்த கதை. 1924இல் அவர் தொடங்கிய 'தேசபக்தன்' தோட்டத் துரைமாரின் உறக்கத்தைக் கெடுத்தது. வாசிக்கத் தெரிந்தவர் லயத்துக்கு ஒருவர் இருந்தாலே அதிகம். ஆகவே அவரும் அவருடைய துணைவியார் மீனாட்சியம்மையும் பாட்டுப் புத்தகம் அச்சிட்டார்கள். அம்மையார் கூட்டங்களில் பாடினார். வாசிக்க முடியாதவனிடம் எழுத்தைக் கொண்டு சேர்க்கும் வழி மெட்டுத்தான் என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். வாசகரைப் பெருக்குவது எப்படி என்று இன்று கட்டணம் வாங்கிக் கற்பிப்பவர்கள் இந்தத் தம்பதியிடம் பாடம் கேட்கலாம்.

1937இல் இன்னொரு பரீட்சை. மடுல்கலையில் ரெலுகாஸ் தோட்டத்துக்குத் தோட்டத்தொழில் பழக வந்த பிரேஸ்கேர்டில் என்ற வெள்ளை இளைஞர், தொழிலாளருடன் பழகினார் என்று வெளியேற்றப்பட்டார். ஏப்ரலில் நாவலப்பிட்டியில், இந்தியாவிலிருந்து வந்திருந்த கமலாதேவி சட்டோபாத்யாய் பேசிய கூட்டத்தில் இவரும் பேசினார். துரை இனத்தான் ஒருவனே துரைமாரைக் குறை கூறுவதா! நாற்பத்தெட்டு மணி நேரத்தில் நாட்டை விட்டுப் போ என்றது தேசாதிபதி ஸ்டப்ஸின் கட்டளை. அவர் தலைமறைவானார், மே 5ஆம் திகதி காலிமுகத் திடலில் பல்லாயிரவர் முன் தோன்றினார். மே 18ஆம் திகதி உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. போர் போன்ற அவசர நிலைக்கு என்று 1896இல் வந்த ஆணையைக் காட்டி, அமைதிக் காலத்தில் பிடிக்காத ஒருவரை நாடு கடத்த முடியாது என்பதே தீர்ப்பு. சட்டம் எதற்காகச் செய்யப்பட்டது, எதற்காகப் பயன்படுத்தப்படுகிறது என்ற இந்த வேறுபாட்டை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஏனெனில் இணையக் காலத்துக் கதையும் இதே வேறுபாட்டில்தான் நிற்கிறது. 2007 ஜூனில் 'தமிழ்நெற்' தளம் இலங்கைக்குள் முடக்கப்பட்டது. 2011 நவம்பரில் செய்தித் தளங்கள் பதிவு செய்யப்பட வேண்டும் என்றார்கள். சில தளங்கள் தடைப்பட்டன. பிறகு 2018 மார்ச். கண்டி மாவட்டத்தில் திகன, தெல்தெனிய பகுதிகளில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. மார்ச் 7ஆம் திகதி முகநூல், வட்ஸ்அப், வைபர் யாவும் ஒரு வாரமளவு நிறுத்தப்பட்டன.

இங்கே நான் வழமையான பத்திரிகைக்காரனின் பாட்டைப் பாடப் போவதில்லை. 1848இன் கடிதம் அதிகாரத்தில் இருந்தவர்களைக் கேள்வி கேட்டது. 2018இல் முகநூலில் ஓடியவற்றுள் பல, அயல் வீட்டுக்காரனைக் கொல்லச் சொல்லின. இரண்டையும் கருத்துச் சுதந்திரம் என்ற ஒரே கூடைக்குள் போடுவது நேர்மையன்று. அந்த வன்முறையில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக முகநூல் நிறுவனமே 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கேட்டது. சிங்களத்தில் எழுதப்பட்ட வெறுப்பைச் சிங்களம் தெரிந்த ஒருவர் பார்த்து நீக்குவதற்கு உலகின் பெரும் செல்வ நிறுவனம் ஒன்றிடம் போதிய ஆளில்லை என்பதைக் கேட்டால் அழுவதா சிரிப்பதா?

ஆனால் வெறுப்பைத் தடுக்கவென்று கையிலிருந்த சட்டம் யார் மீது பாய்ந்தது என்று பாருங்கள். குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டம் 2007இல் நிறைவேறியது. பெயரே உரிமைகளைக் காப்பதாகச் சொல்கிறது. அதன்கீழ் 2019 ஏப்ரலில், யட்டவத்தயின் அயல் மாவட்டமான குருநாகலில், பொல்கஹவெலயைச் சேர்ந்த சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார கைதானார். முகநூலில் ஒரு சிறுகதை வெளியிட்டார் என்பதே குற்றம். 2020 ஏப்ரலில் கட்டுகஸ்தோட்டையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தர் ரம்சி ராசிக் கைதானார். பேனாவும் விசைப்பலகையுமே ஆயுதமாகக் கொண்டு கருத்துப் போர் புரிய வேண்டும் என்று அவர் எழுதியிருந்தார். தமக்கு மிரட்டல் வருகிறது என்று பொலிசாரிடம் முறையிட்டவரைத்தான் பொலிசார் பிடித்தார்கள். ஐந்து மாதங்கள் உள்ளே இருந்தார். கைது சட்டவிரோதமானது என்றும் பத்து இலட்சம் ரூபா நட்டஈடு வழங்க வேண்டும் என்றும் உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்த்தது. 'நவரசம்' என்ற தமிழ்க் கவிதை நூலுக்காக மன்னார்க் கவிஞர் அஹ்னாப் ஜசீம் 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிபட்டார். ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு பிணையும், 2023 டிசம்பரில் விடுதலையும் கிடைத்தன.

திகனயில் தீ வைக்கத் தூண்டியவர்கள் எத்தனை பேர் இதே சட்டத்தில் தண்டனை பெற்றார்கள் என்று வாசகரே தேடிப் பார்க்கட்டும்.

2024 ஜனவரி 24ஆம் திகதி நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலம் 108க்கு 62 என்ற வாக்குகளால் நிறைவேறியது; பெப்ரவரி முதலாம் திகதி சட்டமாயிற்று. எது பொய்யான கூற்று என்று தீர்மானித்து அகற்றப் பணிக்கும் அதிகாரம் ஐவர் கொண்ட ஆணைக்குழு ஒன்றுக்கு என்றது சட்டம். வொட்சனின் காகிதத்தை விசாரிக்க வந்தவர்கள் அதிகாரியின் காகிதத்தை விசாரித்தார்கள். இவர்கள் விசாரிக்கப் போவது குடிமக்களின் காகிதத்தை.

கொழும்பில் எழுதுகிற என் போன்றவனுக்கு இதனால் பெரிய ஆபத்தில்லை. சட்டத்தரணி கூப்பிடு தூரத்தில் இருக்கிறார். தூதரகங்கள் அறிக்கை விடும். யட்டவத்தயில் வீதிக்குப் போடப்பட்ட தார் ஆறு மாதத்தில் பெயர்ந்ததைப் படமெடுத்துக் கைத்தொலைபேசியில் ஏற்றுகிற இளைஞனுக்கு அந்த வசதி இல்லை. அவனுக்குத் தெரிந்த பொலிஸ் நிலையம் ஒன்றுதான். ஒப்பந்தக்காரருக்கும் தெரிந்த நிலையம் அதுவே. என் பழைய நிருபர் இப்போது எழுதுவதில்லை. அவருடைய பேரன் எழுதுகிறான். தாத்தாவின் செய்தி எங்களை வந்தடைய மூன்று நாளாகும். அதில் பாதியை நாங்கள் வெட்டுவோம். பேரனின் செய்தியை யாரும் வெட்டுவதில்லை. சென்ற முறை தொலைபேசியில் பேசியபோது, படங்களில் பாதியை அவனே போடாமல் விட்டுவிட்டதாகச் சொன்னான்.