ஹேசல் விட்டுப்போன காணி

பார்க்டேலுக்கு மேற்கே ஹம்பர் ஆற்றங்கரையில் ஏன் இவ்வளவு பூங்கா? 1954 ஒக்டோபர் 15 இரவு ஹேசல் சூறாவளியில் ஆறு பெருகி, ரேமோர் டிரைவ் என்ற ஒரே தெருவில் 35 பேரைக் கொண்டுபோனது. ஒன்ராறியோவில் மொத்தம் 81 பேர். 1978 இல் மட்டக்களப்புச் சூறாவளியைக் கண்டவர்களுக்கு அந்த இரவு விளங்கும்.

ஆறு நகர எல்லை பார்த்து ஓடாதே! 1957 இல் நான்கு ஆற்றுப்படுகைச் சபைகளை ஒன்றாக்கினார்கள். மத்திய, மாகாண அரசுகளும் மாநகரமும் பணம் போட்டுப் பள்ளக் காணிகளை வாங்கின. அங்கே வீடு கட்டுவது நின்றது. அணைகளும் வந்தன.

அது ஆற்று வெள்ளத்துக்கு. 2024 ஜூலை மழையிலோ பேஸ்மன்ட்டுகளுக்குள்ளும் தண்ணீர் வந்தது. அதைத் தடுக்க நகரசபை மானியம் தருகிறது, வீட்டுச் சொந்தக்காரருக்கு. பேஸ்மன்ட்டில் வாடகைக்கு இருப்பவர் விண்ணப்பிக்க முடியாது, வீட்டுக்காரரைத்தான் கேட்கவேண்டும்.