தகடூர் யாத்திரைக்கு ஓர் இரங்கல்

தகடூர் யாத்திரை என்ற நூல் மறைந்துவிட்டது. அதன் சாவை யாரும் குறித்து வைக்கவில்லை. துக்கம் கேட்கவும் யாரும் போகவில்லை. காலம் கடந்தாவது அந்தக் கடனைச் செய்துவிடலாம்.

அது நம் ஊர் நூல். சேலத்திலிருந்து தொப்பூர்க் கணவாயைக் கடந்தால் வரும் தருமபுரிதான் பழைய தகடூர். 1965 வரை சேலம் மாவட்டத்துக்குள் இருந்தது. திருக்கோவலூர் காரி, வல்வில் ஓரியைக் கொன்று கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தான். பிறகு சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூர் மேல் படையெடுத்து வந்தான். தகடூரை ஆண்ட அதியமானின் கோட்டை விழுந்தது. இந்தத் தகடூர்ப் போரைச் சொன்னதுதான் அந்த நூல்.

வாழ்ந்த நாளில் அதற்கு நல்ல மதிப்பு இருந்தது. பாட்டும் உரைநடையும் கலந்து நடந்த நூல் அது. தொல்காப்பியம் சொல்லும் 'தொன்மை' என்ற வகைக்கு எடுத்துக்காட்டு தேடிய உரையாசிரியர் பேராசிரியர், பெருந்தேவனார் பாரதத்தோடு இதையும் சேர்த்துச் சொல்கிறார்.

அதில் பாடியவர்கள் அரண்மனையில் உட்கார்ந்து போரைக் கற்பனை செய்தவர்கள் அல்லர். தன் படை பட்ட பாட்டைச் சொல்லும்படி சேரன் பொன்முடியாரையும் அரிசில் கிழாரையும் கேட்டான், அவர்கள் சொன்னார்கள் என்று ஒரு பாட்டுக்கு உரையாசிரியர் நச்சினார்க்கினியர் குறிப்பு எழுதுகிறார். சேனாபதிகள் இருக்க, புலவரைக் கேட்டிருக்கிறான் அரசன். தனக்குப் பிடித்ததை மட்டும் சொல்லமாட்டார்கள் என்ற நம்பிக்கை இருந்தால்தான் அப்படிக் கேட்கத் தோன்றும்.

அந்த நம்பிக்கைக்கு அரிசில் கிழாரே சாட்சி. பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் தகடூரை வென்ற சேரனைப் பாடியவர் அவர். ஒன்பது நூறாயிரம் காணமும் அரசு கட்டிலும் பரிசாகக் கிடைத்தன என்றும், ஆட்சியை அரசனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு அவர் அமைச்சரானார் என்றும் பதிகம் சொல்கிறது. அதே மனிதர், சேரனை எதிர்த்துத் தகடூரில் விழுந்த எழினிக்காகப் புறநானூற்றின் 230ஆம் பாட்டில் அழுகிறார். அவன் நாட்டில் காட்டில் கிடந்த கன்றுக்கும் பயமில்லை, வழிப்போக்கனுக்கும் பயமில்லை என்கிறார். கூற்றுவனை அறமில்லாதவன் என்று ஏசுகிறார். விதைநெல்லைத் தின்றுவிட்ட உழவனோடு அவனைச் சேர்க்கிறார். எழினி உயிரோடு இருந்திருந்தால் பகைவர் உயிரை எமன் வயிறாரத் தின்றிருப்பான் என்பது அவர் வாதம். அந்தப் பகைவர் யார்? அவருக்குப் பரிசு கொடுத்தவனின் படைதான்.

இரண்டு பாசறைக்கும் கண் வைத்திருந்த கவிதை அது. ஒரு நூல் முழுக்க அப்படிப்பட்ட குரல்கள் இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும்!

பனையோலைக்கு ஆயுள் சில நூறு ஆண்டுதான். பூச்சி அரிப்பதற்குள் யாராவது எழுத்தாணி எடுத்துப் புது ஏட்டில் படியெடுக்க வேண்டும். ஒரு தலைமுறை சோம்பினால் போதும், நூல் செத்துப்போகும். ஆடிப்பெருக்கில் பழஞ்சுவடிகளை ஆற்றோடு விட்ட வீடுகளைப் பற்றி உ.வே.சா. வேதனையோடு எழுதியிருக்கிறார். முதல் உலகப் போர் முடிய ஒரு வாரம் இருக்கும்போது, 1918 நவம்பர் 4 அன்று, களத்தில் செத்த ஆங்கிலக் கவிஞன் வில்ஃபிரட் ஓவனின் கையெழுத்துத் தாள்கள் பிரிட்டிஷ் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. நம்மவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

மிஞ்சியிருப்பவை, 'புறத்திரட்டு' என்ற தொகை நூலில் 40க்கும் மேற்பட்ட பாடல்கள், உரையாசிரியர்கள் எடுத்துக் காட்டிய சில பாடல்கள். புறத்திரட்டை எஸ். வையாபுரிப் பிள்ளை 1938இல் பதிப்பித்தார். பெரும்பாக்கன் என்றொரு வீரனின் பெயர் நச்சினார்க்கினியர் உரையில் வருகிறது. அவன் கதையைச் சொல்லத்தான் நூல் இல்லை.

இன்று கொல்லிமலையில் ஆடி பதினெட்டை ஒட்டி ஓரிக்கு அரசு விழா. அதியமானுக்கு அதியமான்கோட்டையில் கோட்டம். அவரவர் வீரனுக்கு அவரவர் மாலை போடுகிறோம், நல்லதுதான். ஆனால், எதிரியின் பிணத்துக்கும் சேர்த்து அழத் தெரிந்த புலவர்களின் நூலைத் தொலைத்த ஊருக்கு, சிலைகளால் மட்டும் ஈடு கட்ட முடியாது. விழா மேடையில் யாராவது அந்த 40 சொச்சம் பாட்டையும் படிக்கட்டும். கருமாதி அப்போதுதான் முடிந்ததாகும்.